மான்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பு: 381 நாள்கள் அதைத் தாங்கிப் பிடித்தவர்கள் யார்?

வெண்ணாற்றங்கரை:

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைப் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் அலபாமா மாநிலத்து மான்ட்கோமரி நகரத்துப் பேருந்துப் புறக்கணிப்பு தவறாமல் இடம்பெறுகிறது. ஆனால் அது சொல்லப்படும் விதம் எப்போதும் ஒன்றாகவே இருக்கிறது. 1955 டிசம்பர் 1 அன்று மாலை, வேலை முடிந்து களைத்துப்போய் வீடு திரும்பிய ரோசா பார்க்ஸ் என்ற தையற்காரப் பெண் வெள்ளையருக்காக எழ மறுத்தார், கைதானார். மார்ட்டின் லூதர் கிங் என்ற இளம் போதகர் மேடையேறினார். நகரமே நடக்கத் தொடங்கியது. அன்று தனக்கு வழக்கத்தை மீறிய களைப்பு எதுவும் இருக்கவில்லை என்று பார்க்ஸே பின்னாளில் தெளிவுபடுத்திய பிறகும் அந்தக் களைப்பு நம் கட்டுரைகளை விட்டுப் போகவில்லை.

பார்க்ஸ் 1943 முதல் உள்ளூர்க் கறுப்பின உரிமைச் சங்கக் கிளையின் செயலாளராக இருந்தவர். கைதாவதற்குச் சில மாதங்களுக்கு முன் டென்னசியில் உள்ள ஹைலேண்டர் நாட்டுப்புறப் பள்ளியில் நடந்த பயிலரங்கில் கலந்துகொண்டு திரும்பியவர். அவரை இறக்கிவிட முயன்ற அதே ஓட்டுநர், 1943இல் அவரை மழையில் பேருந்திலிருந்து இறக்கிவிட்டவர். பார்க்ஸின் மறுப்பு அன்றைய மனநிலையில் திடீரென்று பிறந்த ஒன்றன்று.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது, 1946இல் மேரி ஃபேர் பர்க்ஸ் தொடங்கிய பெண்கள் அரசியல் மன்றம். கறுப்பின ஆசிரியைகளும் செவிலியரும் சமூகப் பணியாளர்களும் சேர்ந்து நடத்திய அந்த மன்றத்துக்கு 1950 முதல் தலைமை தாங்கியவர் ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆங்கில ஆசிரியை. ஏறக்குறைய காலியாக இருந்த ஒரு பேருந்தில் முன்பக்கமாக உட்கார்ந்துவிட்டதற்காக ஓட்டுநரின் வசைக்கு ஆளாகி அழுதுகொண்டே இறங்கிய அனுபவம் 1949இல் அவருக்கு நேர்ந்திருந்தது. பல ஆண்டுகளாக நகராட்சிக்கு மனுக் கொடுத்து அவர்கள் பெற்றது ஒன்றே ஒன்று: வெள்ளையர் குடியிருப்புகளில் நிற்பதுபோலவே கறுப்பினர் குடியிருப்புகளிலும் ஒவ்வொரு தெருமுனையிலும் பேருந்து நிற்கும். 1954 மே 21 அன்று, அதாவது பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நான்காம் நாள், ராபின்சன் மேயர் கெயிலுக்கு எழுதிய கடிதத்தில், பேருந்துப் பயணிகளில் நான்கில் மூன்று பங்கினர் கறுப்பினர் என்பதையும், புறக்கணிப்பைப் பற்றி 25க்கும் மேற்பட்ட அமைப்புகள் பேசிக்கொண்டிருக்கின்றன என்பதையும் அடக்கமான நடையில், ஆனால் எச்சரிக்கை தொனிக்கக் குறிப்பிட்டிருந்தார். பார்க்ஸ் கைதாவதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முந்தைய கடிதம் இது.

பார்க்ஸ் கைதான அன்றிரவே, அரசுப் பணத்தில் இயங்கிய தம் கல்லூரியின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில், சக ஆசிரியர் ஒருவரையும் மாணவர் இருவரையும் துணைக்கு வைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல், டிசம்பர் 5 திங்கட்கிழமை பேருந்தில் ஏறாதீர்கள் என்று கேட்கும் பல்லாயிரம் துண்டறிக்கைகளை ராபின்சன் அச்சடித்தார். மறுநாள் பள்ளிகள், கடைகள், அழகு நிலையங்கள் என்று எல்லா இடங்களுக்கும் கட்டுக் கட்டாக அவை போய்ச் சேர்ந்தன. போதகர்கள் கூடி முடிவெடுப்பதற்கு முன்பே திங்கட்கிழமைப் புறக்கணிப்பு ஊரறிந்த செய்தியாகிவிட்டது.

என் கேள்வி இதுதான்: இந்தப் போராட்டத்தின் உண்மையான பலம் எங்கே இருந்தது? மேடையிலா, நீதிமன்றத்திலா, அல்லது கட்டுரைகளில் பெயர் வராதவர்களிடமா? என் சாய்வு மூன்றாவதன் பக்கம். மாற்றுக் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

கருப்புக்கோட்டு:

நல்ல தொடக்கம். ஆயினும் உணர்ச்சியைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு நிகழ்வுகளின் வரிசையைப் பார்க்க வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

புறக்கணிப்பு தொடங்கிப் பல மாதங்கள் ஆன பிறகும் நகர நிர்வாகம் ஓர் அங்குலம்கூட இறங்கி வரவில்லை. மேயர் கெயில் 1956 ஜனவரியில் நிறப்பிரிவினையைக் காக்க அமைந்த வெள்ளையர் குடிமக்கள் அவையில் வெளிப்படையாகவே உறுப்பினரானார். பேருந்து நிறுவனத்துக்குத்தான் அடி விழுந்தது. அதன் தாய் நிறுவனமோ சிகாகோவில் இருந்தது. நட்டம் தாங்காமல் கட்டணத்தை 10 சென்டிலிருந்து 15 சென்டாக உயர்த்தினார்கள். ஏப்ரலில் அந்த நிறுவனமே இனி நிறப்பிரிவினையை நடைமுறைப்படுத்தப் போவதில்லை என்று அறிவித்தபோது, நகராட்சி மாநில நீதிமன்றத்தில் தடையாணை வாங்கி அதைத் தடுத்தது. பொருளாதார அழுத்தம் முதலாளியைப் பணிய வைத்தது, ஆனால் அரசியல்வாதியைப் பணிய வைக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பிரிவினையை முடித்து வைத்தது பிரவுடர் எதிர் கெயில் வழக்கு. 1956 பிப்ரவரி 1 அன்று ஃபிரெட் கிரே என்ற 25 வயது வழக்கறிஞர் கூட்டாட்சி நீதிமன்றத்தில் அதைத் தாக்கல் செய்தார். ஜூன் 5 அன்று மூவர் அமர்வில் ரைவ்ஸ், ஜான்சன் ஆகிய இருவர் பிரிவினைச் சட்டங்கள் செல்லாதவை என்றார்கள். லின் என்ற நீதிபதி மாறுபட்டார். நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆணை நகராட்சியின் கைக்கு வந்தது டிசம்பர் 20. மக்கள் மறுநாள் பேருந்தில் ஏறினார்கள். ஒருவர்கூட நடக்காமல் இருந்திருந்தாலும் அந்த வழக்கு அதே தீர்ப்பைத்தான் பெற்றிருக்கும் என்பது என் கருத்து.

பணிமனை:

போக்குவரத்துத் துறையில் நீண்ட காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், வழக்கையும் மேடையையும் விட்டுவிட்டு, வண்டி எப்படி ஓடியது என்பதைப் பார்க்கிறேன். ஏனென்றால் அன்றாடம் பல்லாயிரம் பேரை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து மாலையில் வீட்டுக்குத் திருப்பி அழைத்து வருவது என்பது நல்லெண்ணத்தால் மட்டும் ஆகிற காரியம் அன்று.

முதல் சில நாள்கள் கறுப்பின டாக்ஸி ஓட்டுநர்கள் பேருந்துக் கட்டணமான 10 சென்டுக்கே ஆட்களை ஏற்றிச் சென்றார்கள். உடனே நகராட்சி, டாக்ஸியின் குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற பழைய விதியைத் தூசி தட்டி எடுத்தது. அந்த வாசல் அடைபட்டதும் கிங், லூசியானா மாநிலத்துப் பேட்டன் ரூஜ் நகரத்துப் போதகர் ஜெமிசனைத் தொலைபேசியில் அழைத்து யோசனை கேட்டார். 1953 ஜூனில் அந்த நகரத்தில் நடந்த சில நாள் புறக்கணிப்பில் தனியார் கார்களை வைத்து ஆட்களை ஏற்றிச் செல்லும் ஏற்பாட்டை அவர்கள் செய்து பார்த்திருந்தார்கள். காசு வாங்கினால் உரிமம் இல்லாத டாக்ஸி என்று வழக்குப் போடுவார்கள் என்பதால் பயணியிடம் கட்டணம் வாங்காமல் தேவாலய உண்டியல் வழியாகச் செலவைச் சமாளித்தது அந்த ஏற்பாட்டின் அடிப்படை.

மான்ட்கோமரியில் ரூஃபஸ் லூயிஸ் தலைமையில் போக்குவரத்துக் குழு அமைந்தது. ஏறத்தாழ 300 கார்கள் சேர்ந்தன. ஊரின் சந்துபொந்துகளை அறிந்த கறுப்பின அஞ்சல் ஊழியர்களின் துணையோடு வரைபடம் போட்டு, 40க்கும் மேற்பட்ட ஏற்றும் இடங்களையும் அதே அளவு இறக்கும் இடங்களையும் குறித்தார்கள். காலையில் கறுப்பினர் குடியிருப்பிலிருந்து வெள்ளையர் குடியிருப்புக்கு வீட்டுவேலைக்குப் போகும் பெண்கள், மாலையில் அங்கிருந்து திரும்புகிறவர்கள் என்று இரு வேளையும் கூட்டத்தின் திசை மாறும். இரண்டுக்கும் தனித்தனிப் பட்டியல். நகர நடுவில் கறுப்பினர் ஒருவருக்குச் சொந்தமான வண்டி நிறுத்துமிடம்தான் வண்டி மாறும் மையம். ஒரு சிறிய போக்குவரத்துக் கழகத்தையே சில வாரங்களில் கட்டி எழுப்பினார்கள் என்றால் அது மிகையன்று. பின்னர் தேவாலயங்களின் பெயரில் பெரிய வண்டிகளையும் வாங்கி ஓட்டினார்கள்.

காவல்துறை சும்மா இருக்கவில்லை. மணிக்கு 25 மைல் எல்லையில் 30 மைல் வேகத்தில் போனார் என்று கிங்கையே ஜனவரி 26 அன்று கைது செய்தார்கள். ராபின்சனுக்கு அடுக்கடுக்காக அபராதச் சீட்டுகள் வந்தன. அவர் காரின் மீது அமிலம் ஊற்றப்பட்டது. உள்ளூர்க் காப்பீட்டு நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காப்பீட்டை ரத்து செய்தன. காப்பீடு இல்லாமல் வண்டி தெருவில் இறங்க முடியாது. கடைசியில் அட்லாண்டாவைச் சேர்ந்த கறுப்பின முகவர் ஒருவர் மூலமாக லண்டன் லாயிட்ஸிடம் காப்பீடு வாங்கினார்கள். அலபாமாவின் தேவாலய வண்டிகளுக்கு லண்டனில் காப்பீடு! என்னைப் போன்றவர்களுக்கு இந்தப் போராட்டத்தின் அழகே இத்தகைய இடங்களில்தான் இருக்கிறது.

புதுவரவு:

ஓர் ஐயம். தொடக்கத்தில் அவர்கள் வைத்த கோரிக்கைகளில் நிறப்பிரிவினையை ஒழிக்க வேண்டும் என்பது இல்லை என்று படித்தேன். அது உண்மையா? உண்மையென்றால் ஏன் இவ்வளவு குறைவாகக் கேட்டார்கள்?

வெண்ணாற்றங்கரை:

உண்மைதான். டிசம்பர் 5 அன்று ஹோல்ட் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் ஏற்கப்பட்ட கோரிக்கைகள் மூன்று: ஓட்டுநர்கள் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும், கறுப்பினர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் உட்கார்ந்துகொண்டு வர, முதலில் வந்தவர் உட்கார்ந்த இடம் அவருக்கே உரியதாக இருக்க வேண்டும், கறுப்பினர் மிகுதியாகச் செல்லும் தடங்களில் கறுப்பின ஓட்டுநர்களை அமர்த்த வேண்டும்.

இவை எவ்வளவு சிறியவை என்பதை உணர அன்றைய நடைமுறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்னால் இருந்த 10 இருக்கைகள் வெள்ளையருக்கு ஒதுக்கப்பட்டவை. வண்டியில் ஒரு வெள்ளையரும் இல்லாவிட்டாலும் அவை காலியாகவே போகும். கறுப்பினர் முன்வாசலில் ஏறிக் காசு கொடுத்துவிட்டு, இறங்கிப் போய்ப் பின்வாசலில் ஏற வேண்டும். அதற்குள் ஓட்டுநர் வண்டியை எடுத்துவிடுவதும் உண்டு. நடு இருக்கைகளில் ஒரு வெள்ளையருக்கு இடம் தேவைப்பட்டால் அந்த வரிசையில் இருக்கும் கறுப்பினர் நால்வரும் எழ வேண்டும். பார்க்ஸுக்கு நேர்ந்ததும் இதுதான். மற்ற மூவர் எழுந்தார்கள், அவர் எழவில்லை.

கோரிக்கை மிதமாக இருந்ததற்குக் காரணம், எளிதில் ஏற்கப்படும் என்ற எதிர்பார்ப்பு. அலபாமாவின் மற்றொரு நகரமான மொபீலில் ஏறத்தாழ இதே இருக்கை முறை நடப்பில் இருந்தது. நகராட்சி அதையும் மறுத்த பிறகே முழு ஒழிப்பைக் கேட்டு வழக்குப் போடும் முடிவுக்கு வந்தார்கள். கருப்புக்கோட்டு அவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: வழக்கின் கோரிக்கையைப் பெரிதாக்கியது இரண்டு மாத நடையும், அதற்கு நகராட்சி காட்டிய பிடிவாதமும், ஜனவரி 30 இரவில் கிங்கின் வீட்டில் வெடித்த குண்டும்.

முத்துநகர் வாசகி:

பிரவுடர் வழக்கைப் பற்றிப் பேசுகிறோம். அதில் வாதியாக நின்றவர்கள் யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆரேலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், கிளாடெட் கால்வின், மேரி லூயிஸ் ஸ்மித் ஆகிய நான்கு பெண்கள். ஐந்தாவதாக இருந்த ஒருவர் மிரட்டலால் விலகிக்கொண்டார். ரோசா பார்க்ஸ் இந்த வழக்கில் இல்லை.

கால்வின் 1955 மார்ச் 2 அன்று, அதாவது பார்க்ஸுக்கு ஒன்பது மாதம் முன்பே, இடம் கொடுக்க மறுத்துக் கைதான 15 வயதுப் பள்ளி மாணவி. விலங்கிட்டு இழுத்துச் சென்றார்கள். ஸ்மித் அதே ஆண்டு அக்டோபரில் கைதானபோது அவருக்கு 18 வயது. இந்த இருவரையும் முன்னிறுத்திப் போராட்டம் நடத்தத் தலைவர்கள் தயங்கினார்கள். கால்வின் சிறுமி, படபடப்பானவர், வசதியற்ற குடியிருப்பிலிருந்து வந்தவர், பின்னர் திருமணமாகாமலே கருவுற்றவர் என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. ராபின்சன் அச்சடித்த அந்தப் புகழ்பெற்ற துண்டறிக்கையிலேயே அவர் பெயர் பிழையாக, அக்காலத்து ஹாலிவுட் நடிகை ஒருவரின் பெயராக அச்சாகியிருக்கிறது. அடித்தட்டு மக்களின் இயக்கம் என்று நாம் கொண்டாடுவதற்கு உள்ளேயும் யார் காட்டத் தக்கவர், யார் மறைக்கத் தக்கவர் என்ற கணக்கு இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் மேடைக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட அந்தப் பெண்தான் 1956 மே மாதம் சாட்சிக் கூண்டில் ஏறினார். கிங் சொல்லித்தான் நீங்களெல்லாம் பேருந்தைப் புறக்கணித்தீர்கள் என்று நிறுவ முயன்ற நகராட்சி வழக்கறிஞர், உங்களுக்குத் தலைவர் யார் என்று கேட்டார். எங்களுக்குத் தலைவர் நாங்களேதான் என்று கால்வின் பதில் சொன்னார்.

வெண்ணாற்றங்கரை கேட்ட பெயரற்றவர்களில் ஒருவரையும் சொல்ல வேண்டும். ஜார்ஜியா கில்மோர் ஓர் உணவகச் சமையற்காரி. பல பிள்ளைகளின் தாய். புறக்கணிப்பை நடத்தியதற்காக 1956 மார்ச்சில் கிங் மீது நடந்த விசாரணையில் பேருந்து ஓட்டுநர்கள் தம்மை நடத்திய விதத்தைக் கூசாமல் சாட்சி சொன்னார், வேலை போயிற்று. வீட்டிலேயே சமைத்து விற்கத் தொடங்கினார். அதற்கு முன்பிருந்தே அவரும் அவருடைய தோழிகளும் பொரித்த கோழி, கேக், பை எல்லாம் செய்து அழகு நிலையங்களிலும் டாக்ஸி நிறுத்தங்களிலும் விற்று, வாரந்தோறும் 100 டாலருக்கு மேல் திரட்டிப் போராட்ட நிதிக்குக் கொடுத்து வந்தார்கள். தங்கள் குழுவுக்கு அவர்கள் வைத்த பெயர் எங்குமில்லாச் சங்கம். வெள்ளையர் வீடுகளில் வேலை செய்த பெண்கள் தம் பெயர் வெளியே தெரிந்தால் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சியதால், பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எங்கிருந்தும் இல்லை என்று சொல்வதற்கான ஏற்பாடு அது. நகரின் மேற்குப் பகுதியில் ஐனெஸ் ரிக்ஸ் என்பவர் போட்டிக்கு இன்னொரு சங்கத்தைத் தொடங்கினார். வாராந்திரக் கூட்டத்தில் எந்தச் சங்கம் அதிகம் கொண்டுவந்தது என்று அறிவிக்கும்போது எழுந்த ஆரவாரத்தில், அந்த வாரம் கால்கடுக்க நடந்ததெல்லாம் மறந்துபோகும்.

கருப்புக்கோட்டு:

வாசகி அம்மாவின் பதிவு அருமை. ஆனால் கால்வின் விஷயத்தில் தலைவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதை நான் ஏற்கவில்லை. வழக்கு நடத்துகிறவன் முதலில் பார்ப்பது, எதிர்த்தரப்பு எதைப் பிடித்துக்கொள்ளும் என்பதைத்தான். கால்வின் மீது காவலரைத் தாக்கியதாகவும் குற்றம் சாட்டியிருந்தார்கள். மேல்முறையீட்டில் பிரிவினைச் சட்டத்தை மீறிய குற்றத்தைக் கைவிட்டுவிட்டுத் தாக்குதல் குற்றத்தை மட்டும் உறுதி செய்தார்கள். அதாவது சட்டத்தை எதிர்க்கும் வழியையே அடைத்துவிட்டார்கள். அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் வரை எப்படிப் போவது?

பார்க்ஸின் வழக்கிலும் இதே சிக்கல்தான். 10 டாலர் அபராதமும் 4 டாலர் நீதிமன்றச் செலவும் விதிக்கப்பட்ட அந்தக் குற்றவியல் வழக்கு மாநில நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் என்று கிரேவுக்குத் தெரியும். எனவேதான் அவரை விட்டுவிட்டுப் புதிதாக உரிமையியல் வழக்குப் போட்டார். அதில் கால்வினை வாதியாகச் சேர்த்ததும் அதே கிரேதான்.

முத்துநகர் வாசகி:

மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது மே மாதம். அதற்கு முன்பே, மார்ச்சிலேயே, ஈ. டி. நிக்சன் அந்தப் பெண் பொருத்தமானவர் அல்லர் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். ஆகவே அது சட்ட நுணுக்கத்தால் மட்டும் வந்த தயக்கமன்று. நிக்சனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ரயில் படுக்கைப் பெட்டி ஊழியர் சங்கத்தின் உள்ளூர்த் தலைவரான அவரே இதே அளவுகோலால் அளக்கப்பட்டவர். முறையான படிப்பு மிகக் குறைவு. டிசம்பர் 5 அன்று தங்கள் பெயர்கள் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று சில போதகர்கள் பேசியபோது, இத்தனை காலம் உங்களுக்குச் சோறு போட்ட சலவைக்காரப் பெண்களுக்கு முன்னால் இப்படி அஞ்சி நடுங்குகிறீர்களே என்று வெடித்தவர் அவர். வெற்றிக்குப் பிறகு 1957இல், தம்மைப் புதிதாக வந்தவரைப் போல நடத்துகிறார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போராட்டத்தை நடத்திய சங்கத்தின் பொருளாளர் பதவியை விட்டு விலகினார். அந்த ஊரில் கிங் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பிருந்தே சங்கம் கட்டியவரின் கதி அது.

ஐயப்பேர்வழி:

இழை சற்றே ஒரு பக்கமாகச் சாய்கிறது. கோழி பொரித்து விற்ற பணத்தில் 300 கார்கள் ஓடின என்று இதைப் படிக்கும் இளைஞர்கள் நினைத்துக்கொள்வார்கள். புறக்கணிப்பை நடத்திய மான்ட்கோமரி முன்னேற்றச் சங்கத்துக்கு மாதம் ஏறத்தாழ 5,000 டாலர் செலவானது. அதில் பெரும்பகுதி வெளியூர்த் தேவாலயங்கள், தொழிற்சங்கங்கள், வடமாநில ஆதரவாளர்கள் அனுப்பிய நன்கொடை. கிங்கின் பேச்சும் அவர் வீட்டில் வெடித்த குண்டும் செய்தித்தாள்களில் வராமல் இருந்திருந்தால் அந்தப் பணம் வந்திருக்குமா? நியூயார்க்கில் எலா பேக்கர், பேயார்ட் ரஸ்டின், ஸ்டான்லி லெவிசன் ஆகிய செயற்பாட்டாளர்கள் நிதி திரட்டியது யாருடைய பெயரைச் சொல்லி? அடித்தளத்தைப் போற்றுவதற்காகத் தலைமையைத் தேவையற்றதாகக் காட்டுவது இன்னொரு வகை மிகை.

பணிமனை:

நன்கொடை பற்றி நண்பர் சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் பணம் வந்த காலத்தைப் பார்க்க வேண்டும். வெளியூர் நன்கொடை பெருமளவில் வரத் தொடங்கியது குண்டுவெடிப்புக்கும், பிப்ரவரியில் ஏறத்தாழ 90 பேர் மீது 1921ஆம் ஆண்டின் புறக்கணிப்புத் தடைச் சட்டத்தில் குற்றம் சுமத்தப்பட்டதற்கும் பிறகு. அதற்கு முந்தைய இரண்டு மாதங்கள் வண்டிகள் ஓடியது பெரும்பாலும் உள்ளூர்க் காசில். அந்த இரண்டு மாதத்தில் கலைந்துபோயிருந்தால் நன்கொடை அனுப்ப ஒரு முகவரியே இருந்திருக்காது.

அந்தக் கட்டமைப்பு எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதற்கு 1956 ஜனவரி 21 இரவு நல்ல சான்று. போராட்டத்தோடு தொடர்பில்லாத போதகர்கள் மூவரை அழைத்துப் பேசிவிட்டு, உடன்பாடு ஏற்பட்டுப் புறக்கணிப்பு முடிந்தது என்று நகராட்சி பத்திரிகைக்குச் செய்தி கொடுத்தது. ஞாயிறு காலை மான்ட்கோமரி அட்வர்டைசரில் அது வெளிவர இருந்தது. செய்தி நிறுவனத்தின் கம்பித் தகவலில் அதைப் பார்த்த கார்ல் ரோவன் என்ற மினியாபொலிஸ் பத்திரிகையாளர் சனிக்கிழமை இரவே கிங்கைத் தொலைபேசியில் அழைத்துவிட்டார். கிங்கும் தோழர்களும் நள்ளிரவு தாண்டியும் மதுக்கடைகள், நடன விடுதிகள் என்று சனிக்கிழமை இரவில் ஆட்கள் கூடும் இடங்களுக்கெல்லாம் போய், செய்தி பொய் என்று சொன்னார்கள். ஞாயிறு காலையில் எல்லாத் தேவாலயங்களிலும் அதையே அறிவித்தார்கள். திங்களன்று பேருந்துகள் காலியாகவே ஓடின. கிங்கின் பேச்சாற்றல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், 36 மணி நேரத்துக்குள் ஒரு செய்தி ஊர் முழுவதும் போய்ச் சேர்வதும், அச்சில் வந்ததை நம்பாமல் தம் ஆட்கள் சொன்னதை மக்கள் நம்புவதும் பேச்சாற்றலால் நடப்பவை அல்ல.

எதிர்த்தரப்பு தன்னை அறியாமல் செய்த உதவிகளும் உண்டு. முதல் நாள் கறுப்பினரை மிரட்டிப் பேருந்தில் ஏறவிடாமல் தடுக்க அடியாள்கள் வருவார்கள் என்று கருதிய காவல் ஆணையர், பேருந்துகளுக்குப் பின்னால் போலீஸ் மோட்டார் சைக்கிள்களை அனுப்பினார். பேருந்தில் ஏறலாமா என்று தயங்கி நின்ற ஓரிருவரும் போலீஸைப் பார்த்து ஓடிவிட்டார்கள். வெள்ளைக்கார இல்லத்தரசிகள் பலர் தம் வீட்டுவேலைப் பெண்களைத் தாமே காரில் அழைத்து வந்து கொண்டுபோய் விட்டார்கள். அதை நிறுத்தச் சொல்லி மேயர் கெஞ்சிப் பார்த்தும் பயனில்லை. பாத்திரம் துலக்குவதற்கு மேயர் வருவாரா என்ன!

கடல்கடந்தவன்:

இதே காலத்தில் வேறு இரண்டு நாடுகளில் நடந்த பேருந்துப் புறக்கணிப்புகளையும் அருகில் வைத்துப் பார்த்தால், வழக்கா மக்களா என்ற கேள்விக்குச் சற்று வெளிச்சம் கிடைக்கும்.

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த அலெக்சாண்ட்ராவில் 1957 ஜனவரியில் பேருந்துக் கட்டணத்தை 4 பென்னியிலிருந்து 5 பென்னியாக உயர்த்தியபோது, அங்கிருந்த கறுப்பினத் தொழிலாளர்கள் காலையும் மாலையும் ஏறத்தாழ 9 மைல் நடந்தார்கள். அங்கே முறையிட்டு நீதி பெற எந்த நீதிமன்றமும் இல்லை. நிற வெறியே சட்டமாக இருந்த நாடு. ஆனாலும் மாதக்கணக்கில் நீடித்த நடைக்குப் பிறகு பழைய கட்டணமே நிலைத்தது. முதலாளிகளிடம் வரி வாங்கிப் பேருந்துக்கு மானியம் கொடுக்க அந்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அதே ஊரில் 1943இல் நடந்த முந்தைய புறக்கணிப்பில் நடந்தவர்களில் இளைஞர் நெல்சன் மண்டேலாவும் ஒருவர்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் 1963இல் நடந்தது வேறு மாதிரி. அங்கே பேருந்தில் எந்த இருக்கையிலும் யாரும் உட்காரலாம். ஆனால் கறுப்பினரையும் ஆசியரையும் ஓட்டுநராகவோ நடத்துநராகவோ சேர்க்க மாட்டார்கள். வெட்கக்கேடு என்னவென்றால், அந்தத் தடைக்கு உள்ளூர்த் தொழிற்சங்கமும் உடந்தை. மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறிய ராய் ஹேக்கெட் முதலான சிலர் ஓர் அமைப்பை உருவாக்க, பால் ஸ்டீபன்சன் என்ற இளைஞர் அதன் சார்பில் பேச, மான்ட்கோமரியை முன்மாதிரியாகக் காட்டியே புறக்கணிப்பைத் தொடங்கினார்கள். இனப்பாகுபாட்டைத் தடுக்கும் சட்டமே அப்போது பிரிட்டனில் இல்லை என்பதால் வழக்குப் போடும் பேச்சுக்கே இடமில்லை. ஏறத்தாழ நான்கு மாதத்தில், ஆகஸ்ட் 28 அன்று, நிறுவனம் தடையை நீக்கியது. செப்டம்பரில் முதலில் நடத்துநராகச் சேர்ந்தவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். சட்டம் பிறகுதான், 1965இல், வந்தது.

ஆகவே வழக்கில்லாத இடத்திலும் புறக்கணிப்பு வென்றிருக்கிறது. ஆனால் இந்த இரண்டு இடங்களிலும் கேட்கப்பட்டது கட்டணமும் வேலையும்; மான்ட்கோமரியில் கேட்கப்பட்டது ஒரு மாநிலத்தின் சட்டத்தையே. கருப்புக்கோட்டு அவர்களின் வாதத்துக்கு அந்த வேறுபாட்டில் இடமிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கருப்புக்கோட்டு:

நடுநிலையான குறிப்புக்கு நன்றி. என் வாதத்துக்கு வலுச்சேர்க்கும் ஒன்றையும், அதை வலுவிழக்கச் செய்யும் ஒன்றையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

1956 நவம்பர் 13 அன்று, உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த அதே நாளில், கார் ஏற்பாட்டைச் சட்டவிரோதமானது என்று தடை செய்யக் கோரிய நகராட்சியின் மனு மாநில நீதிமன்றத்தில் விசாரணையில் இருந்தது, தடையும் கிடைத்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் வராமல் இருந்திருந்தால், பணிமனை ஐயா விவரித்த அந்த அருமையான கட்டமைப்பு முழுவதும் அன்றே முடங்கியிருக்கும். இது என் பக்கத்து வலு. மறுபக்கம் என்னவென்றால், தடை வந்த நவம்பர் நடுவிலிருந்து ஆணை வந்து சேர்ந்த டிசம்பர் 20 வரை ஐந்து வாரம், கார்கள் இல்லாமலும் மக்கள் பேருந்தில் ஏறவில்லை. தெருவுக்குத் தெரு அண்டை அயலார் தமக்குள் ஏற்பாடு செய்துகொண்டார்கள், முடியாதவர்கள் நடந்தார்கள். அந்த ஐந்து வாரத்தை எந்த நீதிமன்றமும் அவர்களுக்கு வாங்கித் தரவில்லை.

புதுவரவு:

பேருந்தில் ஏறிய பிறகு என்ன நடந்தது? போராட்டம் அத்தோடு முடிந்துவிட்டதா?

முத்துநகர் வாசகி:

முடியவில்லை. ஒரு வாரத்துக்குள் பேருந்துகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. ரோசா ஜோர்டன் என்ற கருவுற்ற பெண்ணின் கால்களில் குண்டு பாய்ந்தது. 1957 ஜனவரி 10 அன்று நான்கு தேவாலயங்களிலும் இரண்டு போதகர்களின் வீடுகளிலும் வெடிகுண்டுகள் வெடித்தன. வேலையை இழந்த பார்க்ஸ் குடும்பத்தோடு டெட்ராய்ட்டுக்குப் போய்விட்டார். அரசுக் கல்லூரியில் நெருக்கடி முற்றியதால் ராபின்சன் 1960இல் ஊரை விட்டார். குற்றவாளி என்று 1955இல் எழுதப்பட்ட கால்வினின் இளஞ்சிறார் வழக்குப் பதிவு நீக்கப்பட்டது 2021இல்தான்.

பேருந்துக்கு அப்பால் மற்ற இடங்களில் பிரிவினை அப்படியே இருந்தது. நகரப் பூங்காக்களில் கறுப்பினரை அனுமதிக்கக் கோரி 1958இல் ஒரு வழக்குப் போடப்பட்டது. பூங்கா வழியாக நடந்து சென்ற தம் மகன் தாக்கப்பட்ட பிறகு அந்த வழக்கில் முதல் வாதியாகப் பெயர் கொடுத்தவர் வேறு யாருமல்லர், சமையற்காரி ஜார்ஜியா கில்மோர். தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. நகராட்சியோ கறுப்பினரை உள்ளே விடுவதைவிடப் பூட்டுவது மேல் என்று முடிவு செய்து எல்லாப் பூங்காக்களையும் மூடியது; பல ஆண்டுகள் கழித்து, 1965இல்தான் அவை திறந்தன. அதன் பிறகு வெள்ளையருக்கு மட்டுமான தனியார் பள்ளிகளுக்குப் பூங்கா மைதானங்களை ஒதுக்கிக் கொடுக்கும் தந்திரம் தொடங்கியபோது, பழைய வழக்கையே மீண்டும் திறந்தார்கள். கில்மோர் எதிர் மான்ட்கோமரி நகரம் என்ற பெயரில் அது உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1974இல் அந்தப் பள்ளிகளுக்கு மைதானங்களைத் தனி உரிமையாக ஒதுக்குவது செல்லாது என்ற தீர்ப்பைப் பெற்றது. கருப்புக்கோட்டு ஐயாவுக்கு அந்தத் தீர்ப்பு ஏற்கெனவே தெரிந்திருக்கும். அதில் உள்ள கில்மோர், இந்தக் கில்மோர்தான்.